போனில் கேட்ட வளையல் சத்தம்

சாரம் பகுதியில் நான் டெலிபோன் பூத் வைத்திருந்தபோது ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பெண் வருவாள். ஒல்லியான உடம்பு, அதில் மேடிட்ட வயிறு. கல்யாணமான கையோடு புருஷன் பிரான்சுக்கு வேலைக்குத் திரும்பிவிட்டான். பின்னாலேயே அவளும் போவதாகத்தான் பேச்சு. விசா வரவில்லை; வயிறுதான் வளர்ந்தது.

"விசா வந்துச்சாம்மா?" என்று கேட்பேன்.

"இன்னும் ஏதோ பேப்பர் கேக்குறாங்கண்ணா" என்பாள்.

வளைகாப்பு முடிந்த பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. பேசி முடித்ததும் இரண்டு கைகளையும் ரிசீவர் அருகே கொண்டுபோய் வளையல்களைக் குலுக்குவாள். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு ஒருநாள் அவளே சொன்னாள்: "வயித்துல இருக்கிற புள்ளைக்குக் கேக்கணும்னுதானே போடுறாங்க. அப்பாவுக்கும் கேக்கட்டுமே."

பிறகு வெகுநாள் அவளைக் காணோம். மறுபடி வந்தபோது கைகளில் வளையல்கள் இல்லை, குழந்தை இருந்தது. விசா வந்ததா என்று நான் கேட்கவில்லை.

பூத் கதவைத் திறந்து வைத்தபடியே பேசினாள். மகன் குரலைக் கேட்க வேண்டுமென்று புருஷன் கெஞ்சியிருக்க வேண்டும். ரிசீவரைக் குழந்தையின் வாயருகே பிடித்துக் கொஞ்சினாள். தூக்கம் கலையவில்லை. சட்டென்று அதன் உள்ளங்காலைக் கிள்ளினாள். குழந்தை வீறிட்டது. பெற்றவளே இப்படிச் செய்வாளா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

தோளில் போட்டுத் தட்டித் தட்டி அழுகையை அடக்கினாள். பிறகு ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவன் அழுகைய நிறுத்திட்டான்" என்றாள் மெதுவாக. "நீங்களும் நிறுத்துங்க."