வெண்டெல் க்ரூபாவின் மேடேறும் சைக்கிள்

வெண்டெல் க்ரூபா மாண்டானா மலைச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியே வயதானவர். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் போயிற்று. இடது போன துக்கத்திலோ என்னவோ, வலதும் கொஞ்ச நாளில் போயிற்று. இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி வருடங்கள் ஆகின்றன. வேட்டைக் காலம் முடியட்டும் என்பார் வெண்டெல். அது முடிந்தால் பனி வந்துவிடும், லாரி கூப்பிடும். பனி உருகினால் வேலி விழுந்து கிடக்கும். வேலியை நிமிர்த்துவதற்குள் அடுத்த வேட்டைக் காலம் வந்து நிற்கும். மனிதர் முனகிக்கொண்டே வாழப் பழகிவிட்டார்.

பழகாதவள் அவர் மனைவி மார்வா.

"நீ படி இறங்குறதப் பாத்தா எனக்குக் கால் வலிக்குது," என்றாள் ஒருநாள். "ஒண்ணு ஆபரேஷன் பண்ணிக்கோ. இல்லன்னா அந்த பேட்டரி சைக்கிள் ஒண்ணு வாங்கித் தொலை. ரெண்டும் மாட்டேன், இப்படியே முனகுவேன்னா, நான் என் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்புறேன்."

வேட்டையை விட்டுவிடு என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பனிக்காலம் முழுவதும் சாப்பாடு என்றால் பின்கட்டு ஃப்ரீசரில் கிடக்கும் எல்க் கறிதான். குதிரை உயரம் நிற்கும் மான் அது. ஒன்று விழுந்தால் இரண்டு வீட்டுக்கு வசந்தம் வரை வரும். ஒன்று வெண்டெல் வீடு, மற்றது கர்ட் அமண்ட்சன் வீடு.

கர்ட் மர ஆலையில் ரம்பம் ஓட்டியவர். மனைவி போன பிறகு ஒண்டிக்கட்டை. மீசை முளைத்த நாளிலிருந்து இருவரும் சேர்ந்துதான் காட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்குள் எழுதி வைக்காத சட்டங்கள் உண்டு. எந்த மலையானாலும் அடியில் ஓடும் ஓடைக்கு அப்பால் சுடக் கூடாது, அங்கிருந்து எதையும் மேலே கொண்டுவர முடியாது என்பது ஒன்று. சுட்டவனுக்கு முதுகுக் கறி, மீதி சுமந்தவர்களுக்குச் சமமாக, சுமக்காதவனுக்கு ஒன்றுமில்லை என்பது இன்னொன்று. கர்ட் இந்த இரண்டாவது சட்டத்தை வேதம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார். போன வசந்தத்தில் அவருக்கு நெஞ்சு வலி வந்து, இதயக் குழாயில் கம்பி வலை வைத்தார்கள். நடக்கலாம், முதுகில் கனம் ஏற்றக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதனால் அந்த வருடம் சுமக்க இருந்தது இரண்டு கெட்டுப்போன முழங்கால்கள் மட்டும். வெண்டெல் சைக்கிள் கடைக்குப் போனது அந்தக் கணக்கில்தான்.

கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. வெண்டெல் முதலில் கையை வைத்த வண்டியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"அது வேணாம் சார். அதுல மோட்டார் பின்சக்கரத்துக்குள்ள இருக்கு. ஊருக்குள்ள ஓட்ட நல்லா இருக்கும். நீங்க கனத்தோட மெதுவா மேடு ஏறுனா சூடாகி நின்னுடும். பெடல் பக்கத்துல மோட்டார் இருக்கறதா எடுங்க. கியரப் போட்டா கழுதை மாதிரி ஏறும்."

"செயின்?"

"செயின் சீக்கிரம் தேயும். ஒண்ணு கூடவே வச்சுக்கோங்க. பேட்டரியும் ரெண்டா வாங்குங்க. குளிர்ல பாதி சார்ஜ் காணாமப் போயிடும்."

தடித்த டயர், மண் நிறம், பின்னால் மாட்ட ஒற்றைச் சக்கர இழுவண்டி. எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கினார். காட்டில் சாய்ந்து கிடக்கும் மரங்களைப் பற்றி மட்டும் அந்தப் பெண்ணும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முதல் நாள் ஒத்திகையில் வழி நடுவே ஒரு பைன் மரம் படுத்துக் கிடந்தது. சைக்கிளைத் தூக்கித் தாண்ட வைக்க முடியவில்லை. அத்தனை கனம். ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் இவர் மேல் விழுந்தது. கடைசியில் வீட்டுக்குப் போய் ரம்பம் எடுத்து வந்து மரத்தை அறுத்தார். இறக்கத்தில் பிரேக் பிடித்ததும் பனியில் நனைந்த பிரேக் தட்டு வீல் என்று கத்தியது. அந்த மலையில் இருந்த எல்க் எல்லாம் அன்றைக்கே பக்கத்து மாநிலத்துக்குப் போயிருக்கும்.

கர்ட் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பெடலும் இருக்கு, மோட்டாரும் இருக்கு. இது என்னடா, சைக்கிளா, சோம்பேறியோட மோட்டார் சைக்கிளா?"

"உனக்குப் பொறாமை."

"எனக்கா? நெஞ்சுக்குள்ளயே கம்பி ஓடுது எனக்கு. உன்னைவிட நான்தான் பெரிய மெஷின்."

இத்தனை வருடம் வேட்டையாடிய காட்டு இலாகா நிலத்தில் நுழைவு கேட்டுக்கு அப்பால் மோட்டார் கூடாது. பேட்டரி சைக்கிளும் அங்கே மோட்டார்தான். அதனால் இருவரும் மரக் கம்பெனி நிலத்துக்கு மாறினார்கள். அங்கே அனுமதி உண்டு. ஆனால் பழைய இடத்தைவிடச் செங்குத்து.

சீசன் திறந்த வாரம் வெயில் அடித்தது. அக்டோபரில் சட்டைக் கையை மடித்துவிடும் அளவுக்கு வெயில். காலையில் பிக்கப் வண்டியை மலை முகட்டில் நிறுத்தினார்கள். கர்ட் மடக்கு நாற்காலியைப் போட்டு, துப்பாக்கியை மடியில் வைத்து, எதிரே இருக்கும் வெட்டவெளியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். வெண்டெல் சைக்கிளில் மரம் ஏற்றும் லாரிகளின் பழைய தடத்தில் கீழே இறங்கினார். பிரேக்கைத் துடைத்து வைத்திருந்ததால் சத்தமில்லை. முழங்கால் வலிக்கவே இல்லை. அந்தச் சுகம் அவருக்கு மறந்தே போயிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்க்கொண்டே இருந்தவர், ஓடையைத் தாண்டியதைக் கவனிக்கவில்லை. கவனித்தார் என்றே வையுங்களேன். சைக்கிள்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

ஆல்டர் புதர் ஓரத்தில் எல்க் கொம்பன் ஒன்று நின்றது. இரண்டு குண்டில் விழுந்தது.

விழுந்த பிறகுதான் வெண்டெல் திரும்பி மேட்டைப் பார்த்தார். இறங்கி வந்த தடம், கீழே இருந்து பார்க்கும்போது வேறு தடமாக இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இடுப்பெலும்பைச் சுற்றிய கறி முதலில் புளிக்கும். ராத்திரிக்கு விட்டால் கரடி வரும். சுட்ட மிருகத்தின் கறியைக் காட்டில் விட்டு வருவது சட்டப்படி குற்றம். அதைவிட, ஊரில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இன்றைக்குள் எல்லாம் மேலே போக வேண்டும்.

கர்ட்டைக் கூப்பிட்டால் கர்ட் வருவார். நெஞ்சைப் பற்றி நினைக்கவே மாட்டார். ஒரு தொடையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு நடப்பார். பாதி வழியில் விழுவார். வெண்டெலுக்கு அது கண்முன் தெரிந்தது.

தோலுரித்து, கால்களைப் பிரித்து, துணிப் பைகளில் கட்டி, நிழலில் ஃபர் மரத்தில் தொங்கவிட்டார். மண்டியிட்டுச் செய்யும் வேலை அது. எழுந்திருக்க மரத்தைப் பிடித்து இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. பிறகு ஒரு பின்னந்தொடையை இழுவண்டியில் கட்டி ஏறினார். மோட்டார் முனகியது, அவரும் முனகினார். அந்தப் பெண் சொன்னது சரிதான், கழுதை மாதிரி ஏறியது. ஆனால் பேட்டரியில் சார்ஜைக் காட்டும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வந்தன. பிக்கப்புக்குக் கூப்பிடு தூரத்தில் அடர்ந்த மர நிழல் ஒன்றில் கறியை மறைத்துவிட்டு, வெறும் வண்டியோடு மேலே போனார்.

"ரெண்டு வெடி கேட்டுச்சே!" கர்ட் நாற்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தார்.

"தவறிடுச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான்."

கர்ட் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது. "மோட்டார் வச்ச சைக்கிள் வாங்கினியே, கண்ணு வச்ச துப்பாக்கி வாங்கலியா? அட, ஒண்ணாவது பக்கத்துல போச்சா?"

வெண்டெல் பேட்டரியை மாற்றினார். குறி தவறியவன் என்ற பேச்சு பனிக்காலம் முழுக்க ஊர் மதுக்கடையில் ஓடும். ஓடட்டும் என்று நினைத்தார். "இன்னொரு சுத்து பாத்துட்டு வரேன்," என்று மறுபடி இறங்கினார்.

இரண்டாவது தொடையும் மேலே வந்தது. மூன்றாவது நடையில் ஒரு முன்னங்காலும் முதுகுக் கறியும். இந்த முறை பெடலை மிதிக்க முழங்கால் மறுத்துவிட்டது. இறங்கி, தள்ளும்போது தானே மெல்ல உருளும் பொத்தானை அழுத்தி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் அதைத் தள்ளினாரா, அது அவரை இழுத்ததா என்று சொல்ல முடியாது. சோர்வு எலும்பு வரை இறங்கியிருந்தது. இன்னும் ஒரு முன்னங்கால் கீழே தொங்குகிறது என்ற நினைப்பே அவரை அழ வைக்கும் போலிருந்தது.

மறைத்த இடத்துக்கு வந்தபோது கறிப் பைகளுக்குப் பக்கத்தில் கர்ட் உட்கார்ந்திருந்தார்.

"அண்டங்காக்கா," என்றார் கர்ட், பள்ளத்தின் மேலே கைகாட்டி. வானத்தில் கூட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. "தவறிப்போன குண்டைத் தின்னவா இத்தனை காக்கா வருது?"

குடல் குவிந்து கிடக்கும் இடத்தில் காக்கை கூடும் என்பது வேட்டைக்காரன் பிள்ளைக்கும் தெரியும். அது வெண்டெலுக்குத்தான் தோன்றாமல் போயிற்று.

"ஏண்டா பொய் சொன்ன?"

"நீ கீழ வந்திருப்ப."

"வந்திருப்பேன்தான்."

"செத்திருப்படா."

"அத நீ யாரு முடிவு பண்ண?" கர்ட்டின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சரி. நல்லா சுமந்திருக்க. கொண்டு போய் மார்வாகிட்ட கொடு. எனக்கு வேணாம்."

"பாதி உன்னுது கர்ட்."

"நான் சுமக்கல. சுமக்காதவனுக்குப் பங்கு கிடையாது. இத்தனை வருஷத்துல யாருக்காவது நாம மாத்தினோமா? இப்ப எனக்காக மாத்துவியா? நான் என்ன, தட்டோட வாசல்ல வந்து நிக்கிறவனா?" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஃப்ரீசர் காலியாவே கெடக்கட்டும். நீயே என்னைக் கழிச்சுக் கட்டிட்ட."

வெண்டெல் நண்பனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு காலையிலிருந்து செத்துப் பிழைத்திருக்கிறார். நண்பரோ வேட்டையிலிருந்தே துரத்தப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இழுவண்டியை அவிழ்க்கக் குனிந்த வெண்டெல், முழங்கால் மடங்கி, அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"கீழ இன்னும் ஒரு முன்னங்கால் தொங்குது," என்றார் கடைசியில். "என்னால போக முடியாது. பொய் இல்ல. நிஜமாவே முடியாது."

கர்ட் திரும்பிப் பார்த்தார். மண் அப்பிய அந்த முழங்கால்களைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"முதுகுலதானே ஏத்தக் கூடாதுன்னாரு டாக்டர்," என்றார். "இது முதுகா?"

"கர்ட், வேணாம்..."

"எந்தப் பொத்தான்டா? இதுவா? ஏறும்போது எந்த கியர்?"

வெண்டெல் சொல்லிக் கொடுத்தார். தடுக்க அவரிடம் தெம்பும் இல்லை, உரிமையும் இல்லை. மெதுவாகப் போ, பிரேக்கை விட்டு விட்டுப் பிடி, வரும்போது மிதிக்காதே, தள்ளும் பொத்தானை மட்டும் அழுத்து என்றார். பேட்டரியில் இரண்டு விளக்குகள் மிச்சமிருந்தன. கர்ட் கண்டபடி திட்டிக்கொண்டே வளைவில் மறைந்தார்.

அதன் பிறகு வெண்டெல் செய்ய ஒன்றுமில்லை. மோட்டார் சத்தம் தேய்ந்து போயிற்று. வெகுநேரம் கழித்துப் பள்ளத்திலிருந்து காக்கைகள் ஒரேயடியாகக் கிளம்பின. அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று தெரிந்தது. காக்கைகள் மறுபடி இறங்கின. கிளம்பிவிட்டார். இல்லை, விழுந்துவிட்டாரா? வெண்டெல் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் பண்ணியது பெரிய முட்டாள்தனம், ஓடையைத் தாண்டியதிலிருந்து எல்லாமே முட்டாள்தனம் என்று தன்னையே வைதுகொண்டார். மார்வாவிடம் என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டார்.

வெயில் சாய்ந்தபோது கீழ் வளைவில் கர்ட் தெரிந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலு அடி வைப்பார், நிற்பார். மறுபடி நாலு அடி. ஒரு இடத்தில் மரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து அசையாமல் நின்றார். வெண்டெல் கிளையைப் பிடித்து எழப் பார்த்தார். கர்ட் தலையைத் தூக்காமலே ஒரு கையை மட்டும் உயர்த்தினார். வராதே என்று அர்த்தம்.

வெண்டெல் உட்கார்ந்தார். போய் ஒரு கை கொடுத்தால் நிமிஷத்தில் முடியும். அதைத்தான் செய்யக் கூடாது. காலையிலிருந்து அவர் செய்த வேலைகளிலேயே அப்படி உட்கார்ந்திருந்ததுதான் மிகக் கஷ்டமாக இருந்தது.

கர்ட் வந்து சேர்ந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. வண்டியைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு ஒரு நிலைக்கு வர நேரமாயிற்று. வெண்டெல் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதுகுக் கறியும் எனக்குத்தான்," என்றார் கர்ட். "பொய் சொன்னதுக்கு."

"எடுத்துக்கோ."

பிக்கப் கூப்பிடு தூரத்தில்தான் நின்றது. இருவராலும் எழ முடியவில்லை.