வராத இத்தாலிக்காரர்

குடியிருப்பு விதிகள், பத்தி பதினான்கு, உட்பிரிவு (உ): வெளிநாட்டவர் எவரும் குடியிருப்பு அலுவலரின் எழுத்துமூல அனுமதியின்றிக் குடியிருப்பு எல்லைக்குள் நுழையக் கூடாது. அனுமதி கோரும் விண்ணப்பம் மூன்று பிரதிகளில், வருகைக்குக் குறைந்தது பதினைந்து வேலை நாட்களுக்கு முன், கடவுச்சீட்டின் நகலோடு சேர்ப்பிக்கப்பட வேண்டும். மீறுகிற ஊழியர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். துறைவழி நடவடிக்கை தனி.

மற்றப் பிள்ளைகள் பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்த வயதில் எனக்கு இது மனப்பாடம். ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றின் குடியிருப்பில் நாங்கள் இருந்தோம். இந்த விதிகளைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டி, மீறியவர்களிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்பும் பிரிவுக்கு அப்பாதான் தலைமை எழுத்தர். பின்னாளில் நானும் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் குறிப்பாணை அனுப்பி ஓய்வு பெற்றேன். ஆகவே மேற்படி விதியின் வாசகத்தில் குறை ஏதும் இல்லை என்று சான்றளிக்கத் தகுதியுள்ளவள். வெளிநாட்டவர் யாருமே வராத குடியிருப்புக்கு அவ்வளவு கச்சிதமான விதி இருந்தது என்பதும் ஒரு பெருமைதான்.

அம்மா வயலின் வாசிப்பாள். திருநெல்வேலியில் பாட்டு வாத்தியாராக இருந்த தன் அப்பாவிடம் கற்றது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, வானொலியில் வாசிப்பதற்கான தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாள். ஜனவரி கடைசியில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்த முறை தவறினால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கடிதம் வந்த இரண்டாம் வாரம், ஐப்பசி மழையில், மாடிப்படியில் வயலின் பெட்டியோடு வழுக்கி விழுந்தாள். வலது கால் முறிந்தது. பெட்டி ஏழு படி உருண்டு திறந்துகொண்டது. வயலினின் முன்பலகை ஓரத்தில் ஒட்டு விட்டு ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளேயிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மரக்குச்சி வெளியே வந்து விழுந்தது.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நான்கு நாட்களில் மாமா எல்லாவற்றையும் சரி செய்துவிட்டார். மாமா அம்மாவின் தம்பி. எங்களோடு தங்கிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். நான்கே வருடத்தில் திருநெல்வேலித் தமிழை முழுவதும் கைகழுவியவர்.

"இன்னா பசை போட்டுகீறான் பாரு பாப்பா, இடிச்சா உட்டுருது" என்று வயலினைச் செய்த முகம் தெரியாத ஆளை ஏசினார். இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கி, இரும்போடு இரும்பை ஒட்டுவார்களே, அந்தப் பசையைக் கொண்டுவந்து சுற்றளவு முழுவதும் போட்டார். "இனிமே மேல டேங்க் ஏறினாலும் பிரியாது." குச்சியைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் இளக்காரம். இரண்டு முனையும் கோணல், அளவில்லை, எதனோடும் ஒட்டாமல் சும்மா நின்றிருக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அலுமினியத்தில் ஒன்று கடைந்தார், ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகாமல். மறுபடி விழக் கூடாது என்று மயிரிழை நீளம் கூட்டி, இறுக்கமாக நிற்கும்படி வைத்தார். பேரிங் பொருத்துகிறவர்களின் வழக்கம் அது.

முழங்கால் வரை மாவுக்கட்டோடு வந்த அம்மா, வயலினை எடுத்து ஒரே ஒரு ஸ்வரம் இழுத்தாள். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யார்து?" என்று கேட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் பீரோவின் மேலிருந்து சடக்கென்று சத்தம் கேட்டது. முன்பலகையில் விரிசல். உள்ளே அலுமினியக் குச்சி நின்ற இடத்திலிருந்து அது கீழே இறங்கியிருந்தது. அம்மா அழவில்லை, தம்பியைத் திட்டவும் இல்லை. வானொலிக் கடிதத்தையும் பெட்டிக்குள் போட்டு மூடினாள். அழுதிருந்தால் எங்களுக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் இத்தாலிக்காரர் கதைக்குள் வருகிறார்.

மாமாவின் தொழிற்சாலை இத்தாலியிலிருந்து ஓர் இயந்திரம் வாங்கியிருந்தது. அதை நிறுவிக் கொடுக்க ஓர் ஆள் வந்து, கள்ளிக்குப்பத்தில் வாடகை வீட்டில் தங்கியிருந்தார். தேநீர் வேளையில் மாமா தன் துக்கத்தைக் கையாலும் காலாலும் ஆங்கிலத்தாலும் அவருக்கு விளக்கினார். பசையின் பெயரைக் கேட்டதும் அந்த மனிதர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டாராம். யாரோ செத்த சேதி கேட்டதுபோல் ஆயிற்றாம் அவர் முகம்.

அவருடைய அப்பா வயலின் செய்கிறவர், தாத்தாவும் அதே தொழில். வட இத்தாலியில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில், ஒரே ஜன்னலடி மேஜையில் மூவரும் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். மலையிலிருந்து வருகிற மரத்தை அப்பா வாங்கிப் போடுவார், காய்ந்ததும் பிள்ளை அதை இழைப்பான். இவர் வருடத்துக்கு இரண்டு வயலின் செய்வார். இரண்டு வயலினில் நான்கு பேர் சாப்பிட முடியாது என்பதால் மீதி மாதங்களில் ஊர் ஊராகப் போய் இயந்திரம் நிறுவுவார். இதையெல்லாம் மாமா சொல்லித்தான் தெரியும். மாமாவின் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் சேர்ந்து கொடுத்த தகவல் என்பதால் சிறு பிழைகள் இருந்தால் நான் பொறுப்பல்ல.

அவர் வயலினைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஷிப்ட் முடிந்தபின் எட்டு மாலைகள், மெல்லிய கத்தியைச் சூடாக்கிச் சூடாக்கி, மாமாவின் பசையை நெல்மணி நெல்மணியாக நெகிழ்த்திப் பலகையைப் பிரித்தார். மாமா பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடித்தார்.

"அக்கா, அந்தாளு இன்னா சொல்றான் தெரியுமா? நல்ல பசைன்னா உடணுமாம்!" என்று ஒருநாள் வந்து சொன்னார். வெயிலும் மழையும் மாறும்போது மரம் விரியும், சுருங்கும். ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். பசை விட்டுக்கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் மறுபடி ஒட்டிவிடலாம். பசை பிடிவாதமாக இருந்தால் மரம் கிழியும். முதன்முதலில் ஒட்டினவன் தெரிந்தேதான் அளவாக ஒட்டியிருக்கிறான். படியில் உருண்டபோது வாய் பிளந்ததுதான் அந்த வயலின் தன்னைக் காப்பாற்றிக்கொண்ட விதம். மாமா இதைச் சொல்லி முடித்துவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரிசலையும் பலகையையும் ஒட்ட, வேலப்பன்சாவடியில் ஒரு தச்சுப்பட்டறையில் வஜ்ஜிரம் வாங்கினார்கள். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற, கட்டில் மேஜைக்குப் போடுகிற பசைதான். இத்தாலிக்காரர் அதை மோந்து பார்த்துவிட்டு, அப்பாவின் பட்டறை வாசனை என்று சிரித்தாராம். புதுக் குச்சிக்கு மரம் வேண்டும். நேராக ரேகை ஓடுகிற, லேசான, குளிர்நாட்டு மரம். அம்பத்தூரில் அதற்கு எங்கே போவது? அவர் தொழிற்சாலையின் பின்புறம் போய், இயந்திரம் வந்திறங்கிய பெட்டிப் பலகைகளை ஒவ்வொன்றாக விரல் மடக்கித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். மழையில் கிடந்த முப்பது நாற்பது பலகைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் ஊர் மலையில் நின்ற மரம் அது. கடல் தாண்டி ஆணியடித்து வந்து, அடுப்பெரிக்கக் காத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்தது, ஒன்றைத் தவிர. அந்தக் குச்சியை நிறுத்துகிற இடம் வாசிக்கிறவரின் கையைப் பொறுத்தது. அம்மா எதிரில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், இவர் கேட்டுக் கேட்டு நகர்த்த வேண்டும். அவளோ மாடிவீட்டில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள். கட்டுப் பிரிப்பதற்குள் அவர் கிறிஸ்துமஸுக்கு ஊர் போய்விடுவார், திரும்பி வர மாட்டார்.

அப்பா அன்றே மூன்று பிரதிகளில் விண்ணப்பம் எழுதிச் சேர்ப்பித்தார்.

"பதிலு வர்றதுக்குள்ள அவரு ஊட்டுக்குப் பூடுவாரு அத்தான்" என்றார் மாமா.

"விதி இருக்கு" என்றார் அப்பா.

"இந்த ஞாயித்துக்கெழமை உட்டா வேற நாளே கெடையாது."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்க மாட்டேன். மூன்று மணிக்கு கேட்டில் ரிஜிஸ்டர் பார்க்க வேண்டியிருக்கு."

அம்மா தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு மூன்று மணிக்குக் குடியிருப்பே சாப்பிட்டுவிட்டு உறங்கிக்கொண்டிருந்தது. மாமாவின் ஸ்கூட்டரில், குரங்குக் குல்லாயும் மப்ளருமாக, கால் தரையில் தேய இத்தாலிக்காரர் வந்து இறங்கினார். எதிர் வீட்டு அத்தை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்து, "எலும்பு டாக்டரா?" என்று கேட்டாள். "ஆமா" என்றார் மாமா. ஒரு விதத்தில் உண்மைதான்.

அம்மா தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை மாவுக்கட்டின் மேல் சாய்த்து வைத்தாள். தோளில் வைத்து வாசிப்பதையே பார்த்திருந்த மனிதர் திகைத்து நின்றார். பிறகு குல்லாயைக் கழற்றிவிட்டு, தரையில் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டார், காது வயலினுக்கு நேராக இருக்கும்படி. அம்மா தந்திகளை நம் சுருதிக்கு இறக்கினாள். அவர் கண்கள் விரிந்தன. அவர்கள் ஊர் சுருதிக்குத்தான் அவர் குச்சியை நிறுத்தியிருந்தார். உடனே வளைந்த கம்பி ஒன்றைத் துளை வழியாக விட்டுக் குச்சியைச் சாய்த்து எடுத்து, முனையை ஒரு சீவல் சீவி, மறுபடி நிறுத்தினார். பல் டாக்டர் வைத்திருப்பதுபோன்ற சின்னக் கண்ணாடியால் உள்ளே பார்த்தார். ஒரு தட்டு. "வாசி" என்று கையைக் காட்டினார். நான்கு ஸ்வரம். தலையை ஆட்டினார். இன்னொரு தட்டு.

"அவங்க ஊர்ல இந்தக் குச்சிக்கு உயிர்னு பேராம்க்கா" என்றார் மாமா. "நான் அலுமினியத்துல உயிர் செஞ்சிருக்கேன்!"

அம்மா பல வாரம் கழித்துச் சிரித்தாள். காபியை பிளாஸ்கில் ஊற்றி, அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள்.

கேட்டில், காவலர் கூண்டுக்குள், ரோட்டுக்கு முதுகு காட்டி வாட்ச்மேனை உட்கார வைத்து, அப்பா ரிஜிஸ்டரை வரிவரியாகப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், ஞாயித்துக்கெழமை கூட உடமாட்டீங்களா?" என்று வாட்ச்மேன் புலம்பினார். "ஊட்ல அண்ணி கால் ஒடிஞ்சி கீறாங்க. நீங்க இன்னாடான்னா இங்க வந்து கட்டம் சரியில்ல, கோடு சரியில்லன்னுகினு கீறீங்க."

என் மனதில் இருந்ததை அவர் சொல்லிவிட்டார். "அப்பா, அவர் வந்து..." என்று நான் ஆரம்பித்தேன்.

"வீட்டுக்குப் போ!" என்றார் அப்பா. அப்படி ஓர் அதட்டலை அவரிடம் நான் கேட்டதில்லை. என்னைப் பார்க்காமல் பேனாவைத் திறந்து ரிஜிஸ்டரின் அடியில் எழுதினார். நான் தலைகீழாகப் படித்தேன்: 'பிற்பகல் 3.00 முதல் 5.15 வரை வாயில் என் நேரடிப் பொறுப்பில்.' கீழே முழுக் கையெழுத்து, பதவி. வாட்ச்மேனிடம்கூடப் பதவியைக் காட்டுகிறாரே என்று கண்ணில் நீர் முட்டத் திரும்பி வந்தேன்.

வீட்டில் மாமா வேலையற்று மூலையில் நின்றிருந்தார். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அம்மா வில்லைத் தூக்குவதற்குள் இத்தாலிக்காரர் தட்டினார். அவர் நிமிர்வதற்குள் அவள் இழுத்தாள். எத்தனை முறை என்று எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஒரு தடவை நான்கு ஸ்வரத்தோடு அவள் நிறுத்தவில்லை. வயலின் வேறாகிவிட்டது. அம்மாவின் வயலினேதான், ஆனால் இத்தனை நாளும் போர்வைக்குள்ளிருந்து பேசிக்கொண்டிருந்ததுபோல இருந்தது. அவள் ராகத்தை விரித்துக்கொண்டே போனாள். அவர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் சிவப்புச் சிமெண்டுத் தரையில் கன்னத்தைப் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். தரை வழியாகவும் கேட்டிருக்க வேண்டும். தன் கை வேலையில் இவ்வளவு குறைவாகப் பெருமைப்பட்டு, பிறர் கை வேலையில் இவ்வளவு மூழ்கிய ஒரு நிபுணரை என் முப்பத்து நான்கு வருட உத்தியோகத்தில் நான் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்குக் குல்லாயை மாட்டிக்கொண்டார். கூலி என்ற பேச்சை எடுத்ததும் கையை உதறினார். ஒன்று மட்டும் கேட்டு வாங்கிப் போனார்: மாமாவின் அலுமினியக் குச்சி. உலகத்திலேயே மிகத் துல்லியமான குச்சி அதுதானாம். ஊரில் மேஜைமேல் வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாராம். மாமா கடைசிவரை இதைப் பாராட்டு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா ஜனவரியில் நொண்டிக்கொண்டே போய் வாசித்தாள். தேறினாள். அப்பா, "நல்லது" என்றார்.

குடியிருப்பு அலுவலரின் பதில் அதற்கும் பிறகு வந்தது. அனுமதி மறுக்கப்படுகிறது, மேற்படி நபர் குடியிருப்புக்குள் வரவில்லை என்று விண்ணப்பதாரர் சான்றளித்து, கீழ்ப்பகுதியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்பா மேஜையில் உட்கார்ந்து, 'மேற்படி நபர் வரவில்லை' என்று முத்துமுத்தாக எழுதினார். எங்கள் தரையில் கன்னம் வைத்துப் படுத்திருந்தவரை இரண்டு கண்ணாலும் பார்த்த நான் பக்கத்தில் நின்றேன்.

"பொய் எழுதுறீங்கப்பா" என்றேன்.

"அந்த மையொற்றியை எடு" என்றார்.

நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அன்று வீட்டில் இல்லாததும் போதாமல், அந்த நாளையே இல்லாமல் செய்கிறார் என்று நினைத்தேன். வாயில் பதிவேட்டில் அப்படி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நேரத்தில் எது உள்ளே போனாலும் வாட்ச்மேனிடம் யாரும் விளக்கம் கேட்க முடியாது, கையெழுத்துப் போட்டவரிடம் மட்டுமே கேட்க முடியும் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அவர் மை காயும்வரை தானே ஊதிவிட்டு, மேல்பகுதியில் பெறப்பட்ட தேதியைக் குறித்துக் கோப்பில் சேர்த்தார்: ஏப்ரல் 11.