கிளட்ச் இல்லாத கார்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கோகிலாம்பாள் கீழே விழுந்தது 1994-ஆம் வருஷம், மார்க்கெட்டுக்கு மிளகாய் வத்தல் வரத்து தொடங்கியிருந்த மாசி மாதத்தில். திருச்சுழி பஸ்ஸின் கம்பியைப் பிடித்து வலது காலைப் படியில் வைத்துவிட்டாள். சூம்பிப்போன இடது காலைக் கையால் தூக்கி வைப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். பஸ் நகர்ந்தது. தார் ரோட்டில் முழங்கை தேய்ந்து தோல் உரிந்தது.

வலி பெரிதாக இல்லை. தூக்கிவிட்ட ஒருத்தர் சொன்னதுதான் எரிந்தது.

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எதுக்குத்தா அலையுற? வீட்டுல ஆம்பள ஆளு இல்லையா?"

"ஆம்பள ஆளு இருக்காக. விசில் அடிச்சவனும் ஆம்பளதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றாள். அன்றும் திருச்சுழி போய்த்தான் திரும்பினாள்.

வீட்டிலிருந்த ஆம்பளை அவளுடைய அண்ணன் ஐயாத்துரை. அப்பா விட்டுப்போன வத்தல், மல்லிக் கமிஷன் கடையில் இருவரும் கூட்டு. விருதுநகர் மார்க்கெட்டும் வெளியூர் வியாபாரிகளும் அவர் பொறுப்பு. திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகளைப் பார்த்துச் சரக்கு பேசி முடிப்பது அவள். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது தொடையில் கையை ஊன்றி, ஒவ்வொரு எட்டுக்கும் குனிந்து நிமிர்ந்துதான் நடப்பாள். பெண் பார்க்க வந்தவர்கள், அவள் காபித் தட்டோடு நடந்து வருவதைப் பார்த்தார்கள். காபியைத் தொடாமலே எழுந்து போனவர்களும் உண்டு. அப்படி மூன்றாவது கூட்டம் போனதும், இனி யாரும் தன்னைப் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு அவளுக்குக் கடைதான்.

கடை லாபத்தில் 1985-இல் ஓர் அம்பாசடர் வாங்கினார்கள். அப்போதே அவள் கேட்டாள், "அண்ணே, நானும் ஓட்டிப் பழகுறேன்."

"கிளட்ச்ச மிதிக்க இடது காலு வேணும் கோகிலா. நமக்கு ஆண்டவன் அத விடலையே. எப்ப வேணும்னாலும் சொல்லு, டிரைவர அனுப்புறேன்" என்றார் ஐயாத்துரை.

அதை நம்பினாள். ஆனால் அவள் கேட்கும் நாளில் கார் இருக்காது. மச்சினன் வீட்டு வளைகாப்புக்குப் போயிருக்கும், கோயிலுக்குப் போயிருக்கும், இல்லையென்றால் டிரைவர் லீவு. வீட்டு வாசலில் கார் நிற்கும்போதே பஸ் ஸ்டாண்டுக்கு ரிக்‌ஷாவில் போன நாட்களும் உண்டு. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கேட்பதை விட்டாள்.

பஸ்ஸிலிருந்து விழுந்த அதே மாதத்தில் பேப்பரில் ஒரு செய்தி பார்த்தாள். பேட்டரியில் ஓடுகிற சின்ன கார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோல் வேண்டாம், வீட்டுப் பிளக்கிலேயே சார்ஜ் போடலாம். கடைசி வரியில் "கியர், கிளட்ச் கிடையாது" என்று இருந்தது. கோகிலாம்பாள் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மதுரையில ஷோரூம் இருக்காம். போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றாள் அண்ணனிடம்.

"பேட்டரி காரா? டார்ச் லைட்டுக்கே பேட்டரி நிக்க மாட்டேங்குது." சிரித்தார். சிரித்துவிட்டு, "தனியாப் போக வேணாம், நானும் வாரேன்" என்று கிளம்பினார். பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

ஷோரூமில் உதயகுமார் என்ற விற்பனைக்காரன் டை கட்டிக்கொண்டு எதிரே வந்தான். அவளைத் தாண்டிப் போய் ஐயாத்துரைக்குக் கை கொடுத்தான். அவருக்கு நாற்காலி போட்டான். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னான்.

"ஒரு தடவ சார்ஜ் போட்டா எம்புட்டுத் தூரம் ஓடும்?"

"அறுபது கிலோமீட்டர் சார்."

"கேட்டது நான். காரு எனக்கு. என்னையப் பாத்துச் சொல்லுங்க."

உதயகுமார் அப்போதுதான் அவளைப் பார்த்தான். பிறகு அவள் காலைப் பார்த்தான். "மேடம்... அறுபது, மேடம்."

ஷோரூமுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அவளை ஓட்டச் சொன்னான். ஒரு மிதி ஓட, ஒரு மிதி நிற்க. இரண்டுக்கும் வலது கால் போதும். மிதித்தாள். சத்தமே இல்லாமல் கார் நகர்ந்தது. முதல் சுற்றில் சுவரை இடிக்கப் பார்த்தது, இரண்டாவது சுற்றில் இல்லை. மூன்றாவது சுற்றில் உதயகுமார் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். அவள் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு சுற்று ஓட்டினாள். முப்பத்தெட்டு வயதுவரை யாராவது ஏற்றி இறக்க வேண்டிய மூட்டையாக இருந்துவிட்டோமே என்று ஆத்திரமாக வந்தது. அழவில்லை. இறங்கி வந்து கேட்டாள்.

"இது அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போயிட்டுத் திரும்பி வரணும். ரெண்டு ஆளு, ஒரு மூட்டை. எங்க ஊருக்குக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுங்க. அப்புறம் சொல்றேன்."

"தாராளமா மேடம்" என்றான். அறுபது ஓடும் காருக்குப் போக வர நாற்பது ஒரு தூரமா?

அடுத்த வாரம் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கடைத்தெருவே கூடிவிட்டது. உதயகுமார் பக்கத்தில் உட்கார, பின்னால் ஒரு வத்தல் மூட்டை ஏற, கோகிலாம்பாள் ஓட்டினாள். ஐயாத்துரை அம்பாசடரில் பின்னாலேயே வந்தார். போகும்போது ஒரு குறையும் இல்லை. சத்தம் இல்லாததால் ரோட்டில் நின்ற ஆடுகள் நகரவே இல்லை, ஹாரன் அடித்து அடித்துத்தான் விரட்ட வேண்டியிருந்தது. திருச்சுழியில் தெரிந்த சம்சாரிகள் சுற்றி நின்று பார்த்தார்கள். "ஏத்தா, நீயேவா ஓட்டியாந்த?" என்று ஒரு கிழவர் கண்ணாடியைத் தட்டிக் கேட்டார். "நானேதான்" என்றாள்.

திரும்பும்போது எதிர்காற்று. பாதி வழியில் வேகம் குறைந்தது. சைக்கிள்காரன் ஒருவன் முந்திப் போனான். சீமைக்கருவேலைத் தவிர வேறு நிழல் இல்லாத இடத்தில் கார் நின்றேவிட்டது. தூரத்தில் விறகைக் கரியாக்கும் மூட்டத்தின் புகை. உதயகுமார் டையைத் தளர்த்திக்கொண்டான்.

"அறுபதுன்னீக?"

"கம்பெனியில சொன்னது மேடம். ஒரு ஆளு, சமமான ரோடு, காத்து இல்லாம..."

"காத்து இல்லாத ஊருக்குப் போயி வியாபாரம் பண்ணச் சொல்றீகளா? வாய் கூசாமப் பொய் சொல்லி விக்க வந்துட்டீக!"

பின்னால் அம்பாசடர் வந்து நின்றது. ஐயாத்துரை இறங்கினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவள் பார்த்தாள். அவன் சொன்ன பொய்யைவிட அந்தச் சந்தோஷம்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் அப்பவே சொன்னேன்ல? ஏறு, வீட்டுக்குப் போவோம்."

"சிரிக்காதீக அண்ணே. வாங்குறதா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல."

"இன்னும் என்ன முடிவு? நடு ரோட்டுல நிக்குது பொம்மைக் காரு!" அவருக்கும் கோபம் ஏறியது. "காரு வாங்குன புதுசுல அம்பாசடருக்கே கைக் கிளட்ச்சு வச்சுத் தாரேன்னு மெக்கானிக் மருதுபாண்டி வந்து நின்னான். அதுக்கே நான் ஒத்துக்கல. இதுக்கா ஒத்துக்குவேன்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது.

"கைக் கிளட்ச்சா?" என்றாள் கோகிலாம்பாள்.

அவர் அம்பாசடர் பக்கம் நகரப் பார்த்தார்.

"கையில பிடிச்சு ஓட்டலாமா? அன்னைக்கே ஓட்டியிருக்கலாமா? ஒம்போது வருசமா உங்களுக்குத் தெரியுமா?"

"உன் நல்லதுக்குத்தான் கோகிலா. எங்கேயாவது கொண்டுபோயி மோதிட்டா ஊரு என்னையத்தான பேசும்."

"பஸ்ஸுல இருந்து விழுந்தனே, அப்ப ஊரு யாரைப் பேசுச்சு?"

அம்பாசடரில் ஏற மாட்டேன் என்றாள். உதயகுமார் லாரிக்குச் சொல்லி அனுப்ப, அது வரும்வரை அவள் அந்த வெயிலில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். ஐயாத்துரையும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மருதுபாண்டியின் பட்டறைக்குப் போனாள். அவன் மறைக்கவில்லை. "ஆமாக்கா, மதுரையில ஒருத்தருக்குச் செஞ்சதப் பாத்துட்டு வந்து அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். பொம்பளப் பிள்ளைக்கு வேணாம், அதுகிட்டச் சொல்லவும் வேணாம்னுட்டாக. இப்பவும் வச்சுத் தரலாம்க்கா."

இப்போது அவள் முன்னால் இரண்டு வழி இருந்தது. அம்பாசடரை மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு தூரமும் போகலாம், திருச்சுழி தாண்டி வீரசோழன்வரைகூடப் போய் வரலாம். ஆனால் அது கடையின் கார். சாவி அண்ணன் இடுப்பில் இருக்கும். இன்றைக்கு மனம் இரங்கிச் சரி என்பவர் நாளைக்கு மச்சினன் வீட்டுக்கு எடுத்துப் போவார். இன்னொரு பெட்ரோல் கார் வாங்கி மாற்றவும் அவள் பங்குக்கு அப்போது வழியில்லை. பேட்டரி கார் திருச்சுழிக்கு ஒரு வழி மட்டும்தான் ஓடும். போன இடத்தில் பகல் பூராவும் சார்ஜ் போட வேண்டும். அவளுக்கும் அங்கே பகல் பூராவும் வேலை உண்டு. அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓடும் நேரத்தில் கரண்டு இறங்கிக் குண்டு பல்பே சிவப்பாகத்தான் எரியும். திருச்சுழியில் கரண்டு பரவாயில்லை. ஓடுகிற தூரம் குறைவு. இருந்தாலும் அந்தத் தூரம் அவளுடையதாக இருக்கும்.

மதுரைக்குப் போன் போட்டாள்.

"வாங்கிக்கிறேன். ஆனா இனிமே வாரவக எல்லார்ட்டயும் முப்பத்தஞ்சுதான் ஓடும்னு சொல்லணும். இப்ப எங்கிட்டச் சொல்லுங்க, கேப்போம்."

"முப்பத்தஞ்சு, மேடம்" என்றான் உதயகுமார், மெல்ல.

"சத்தமா."

சொன்னான்.

கார் அவள் பெயரில் வந்தது. லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில் அதிகாரி, "ஓட்டத் தெரியுமா, இல்ல சும்மா ஆசையா?" என்று கேட்டார். பதில் சொல்லாமல் எட்டுப் போட்டுக் காட்டினாள். அதே வருஷம் கடைக் கூட்டைப் பிரித்துக்கொண்டு தனி வீடும் பார்த்துக்கொண்டாள். திருச்சுழியில் ஒரு குடோனை வாடகைக்குப் பிடித்து, முதல் வேலையாகச் சுவரில் பிளக் வைத்தாள். காலையில் போனால் கார் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், அவள் சரக்கு எடைபோடுவாள். பொழுது சாயும் முன் திரும்பிவிடுவாள். மூன்று வருஷத்துக்கு மேல் அப்படி ஓடியது.

சும்மா ஓடவில்லை. இரண்டாவது வருஷமே பேட்டரி தளர ஆரம்பித்தது. வழியில் பல தடவை நின்று, மாட்டு வண்டிக்காரர்கள் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். புது பேட்டரிக்குப் போன் போட்டால், அடுத்த மாதம் என்றார்கள். பிறகு மணி மட்டும் அடித்தது, யாரும் எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் ஷோரூம் இருந்த இடத்தில் மெத்தை விற்றார்கள். பூட்டிவிட்டுப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த மெத்தைக்கடை வாசலில் நின்று அவள் திட்டிய திட்டுக்கு, சம்பந்தமே இல்லாத மெத்தைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

1998-இல் பழைய ஃபியட் ஒன்றை வாங்கினாள். மருதுபாண்டி கைக் கிளட்ச் வைத்துக் கொடுத்தான். பழகக் கை வலித்தது, பழகிவிட்டாள். பேட்டரி காரைப் பழைய இரும்புக்குப் போட்டாள். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மறுவருஷம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், அருப்புக்கோட்டையில். ஐயாத்துரையோடு பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும் விசேஷ வீடுகளில் பார்த்துக்கொள்வார்கள். பந்தியில் அவளுக்கு எதிர் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள். வெளியே நின்ற ஃபியட்டைப் பற்றி யாரோ கேட்க, அவர் பெருமையாகச் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"என் தங்கச்சிதான் ஓட்டுது. கால் அப்படி இருந்தாலும் விடக்கூடாதுன்னு நாந்தான் தைரியம் சொல்லிப் பழக்கிவிட்டேன்."

கோகிலாம்பாள் இலையிலிருந்து கையை எடுத்தாள்.

"பொய் சொல்லாதீக அண்ணே."

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"ஒம்போது வருசம் மறைச்சு வச்சீக. நான் ரோட்டுல விழுந்து எந்திரிச்சு வந்தப்பவும் சொல்லல. அந்தப் பேட்டரி காரு நடு வழியில நின்னப்ப சந்தோசமாச் சிரிச்சீக. இப்ப நான் ஓட்டுறதும் உங்களாலயா?"

யாரோ, "கல்யாண வீட்டுல எதுக்கு" என்றார்கள். "கல்யாண வீட்டுலதான் அவுகளும் சொன்னாக" என்று சொல்லிவிட்டு, தொடையில் கையை ஊன்றி எழுந்து, கை கழுவி வெளியே நடந்தாள். ஐயாத்துரை குனிந்து இலையைப் பார்த்தபடி இருந்தார். சாப்பிடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

காரை எடுக்கும்போது மறுபக்கக் கதவு திறந்தது. ஐயாத்துரையின் மனைவி சுந்தராம்பாள், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தாள்.

"நானும் வாரேன். என்னைய வீட்டுல விட்டுரு."

தெரு முனை திரும்பியதும் கோகிலாம்பாள் கேட்டாள், "கைக் கிளட்ச் விசயம் உங்களுக்கும் அப்பவே தெரியுமா மதினி?"

"தெரியும். சொன்னா என்னைய வீட்டுல வச்சிருக்க மாட்டாக."

கோகிலாம்பாள் காரை நிறுத்தவில்லை, இறங்கச் சொல்லவுமில்லை. ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அண்ணன் வீட்டு வாசலில் மதினியை இறக்கிவிட்டு, கதவு சாத்தப்பட்டதும், கிளட்ச் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் கியரைப் போட்டு, குடோனைப் பார்த்துத் திருச்சுழி ரோட்டில் வண்டியைத் திருப்பினாள்.