கூரை வெட்டிய மொரிஸ் மைனர்

போன மாதம் தங்கச்சியின் மகன் என்னைக் கல்முனையில் நடந்த கார்க் கண்காட்சிக்கு இழுத்துப்போனான். தரையை உரசும் கார்கள், வாசல்படி உயரத்துக்குச் சக்கரங்கள். நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன், பொய் சொல்வானேன்! கூரையில்லாத ஒரு சிவப்புக் காரின் பக்கத்தில் போனதும் புதுப் பெயின்ட் மணம் மூக்கில் ஏறியது. அவ்வளவுதான், அங்கேயே புல்லில் குந்திவிட்டேன்.

"என்ன மாமா, தல சுத்துதா?" என்றான்.

"ஓம்" என்று சொல்லிவைத்தேன்.

அந்த மணம் என் மச்சான் ஜுனைதீனுடைய கராஜின் மணம். மாமியின் மகன், எண்பதுகளின் தொடக்கத்தில் சாய்ந்தமருதில் கராஜ் வைத்திருந்தான். எந்த வாகனத்தையும் அதன் பாட்டில் இருக்க விடமாட்டான். உழவு மெஷினின் எஞ்சினைக் கழற்றி ஜீப்பில் பூட்டுவான். தண்ணிக் குழாயை வளைத்து மோட்டார் சைக்கிளுக்குக் கொம்பு வைப்பான். பெருநாள் பின்னேரம் கடற்கரையில் இப்படிக் கோலம் மாற்றிய வாகனங்களை வரிசையாக நிறுத்துவார்கள். ஊரே ஐஸ்பழமும் கையுமாகச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த வாத்தியார். "நீ வெளிநாட்டில இரிக்க வேண்டியவன்டா" என்று அவனை உச்சியில் ஏற்றிவிட்டவனும் நான்தான்.

ஒரு பெருநாளில் அந்த வரிசையில் சிவப்பாக ஒன்று நின்றது. கூரை கிடையாது. கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு போய், "அடேயப்பா, ஆருட கார்டா இது?" என்று கத்தினேன்.

ஜுனைதீன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "உன்டதான் மச்சான்!"

இலக்கத் தகட்டைப் பார்த்தேன். யா அல்லாஹ்! வாப்பாவின் மொரிஸ் மைனர்!

"கூரை ஒழுகுது, பாத்துத் தா எண்டுதானேடா தந்தன்?"

"இனி ஒழுகாதுதானே."

பகிடிக்குச் சொல்லவில்லை அவன். என்னைச் சந்தோஷப்படுத்திவிட்டதாகவே நம்பிக்கொண்டு நின்றான், பாவி!

எனக்கு ஏன் உயிர் போனது என்று சொல்ல வேண்டும். வாப்பா மௌத்தாகி, கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உம்மா இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, இரண்டு நாளில் வெளியே வரப்போகிறார். முதல் பயணம் மருதமுனையில் படுக்கையில் கிடந்த அவருடைய கூடப்பிறந்த மூத்த ராத்தாவைப் பார்க்க. அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் ஏறும் காருக்குத் திரை இருக்கும். வாப்பா தன் புடவைக்கடையில் மிஞ்சிய பச்சைப் பூச்சீலையை வெட்டி, கம்பி இழுத்து, எல்லா ஜன்னலுக்கும் மாட்டியிருந்தார். அந்தத் திரை இல்லாமல் உம்மா கார்ப் பயணம் போனதே இல்லை. இப்போது கம்பி இழுக்கவும் இடமில்லை!

உம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தா முடிந்த அன்று காலை முக்காடு போட்டு வாசலுக்கு வந்தவர் காரைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"வாடகைக் கார் பிடிக்கிறன் உம்மா" என்றேன்.

அவர் ஒருதரம் சுற்றிவந்து பார்த்தார். "வாப்பாட கார்தானே மனே" என்று சொல்லி ஏறினார். அதுவும் முன்சீட்டில்!

கல்முனைக் கடைத்தெரு வந்தது. சைக்கிளில் போனவன் காலை ஊன்றி நின்று பார்த்தான். நான் வியர்த்துக் கொட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். உம்மா நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார்.

"மெல்லப் போ மனே. வாப்பாட கட எது?"

கூரை போனதெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்! முப்பது வருடம் வாப்பா திறந்து பூட்டிய கடை. நாங்கள் தின்றதும் உடுத்ததும் அந்தக் கடையால்தான்.

"உம்மா, நீங்க கண்டதே இல்லையா?"

"திரைக்குள்ளால என்னத்தக் காணுற?"

"அந்தா, நீலக் கதவு" என்றேன்.

"ஒருக்கா நிப்பாட்டு. பாப்பம்."

எதிரே தேத்தண்ணிக் கடையில் என்னோடு படிப்பிக்கும் வாத்திமார் இருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. "வரக்குள்ள நிப்பாட்டுறன்" என்று சொல்லி அக்சிலேட்டரை மிதித்தேன். உம்மா கழுத்தைத் திருப்பிப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

வரும்போது நிறுத்த வாய்க்கவில்லை. மருதமுனையில் அந்த ராத்தாவின் மாப்பிள்ளை, எங்கள் பெரியப்பா, காரைக் கண்டு, "உனக்கு வெக்கமில்லையாடா?" என்று என்னைக் கிழித்துவிட்டு, உம்மாவைத் திரை போட்ட வான் வண்டியில் அனுப்பிவைத்தார். மறு கிழமையே ஜுனைதீனைக்கொண்டு கூரையை ஒட்டவைத்தேன். பச்சைத் திரையும் பழையபடி தொங்கியது. உம்மா மௌத்தாகும்வரை கடையைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. நானும் கூட்டிப்போகவில்லை. எத்தனை பெரிய மடையன் நான்!

கண்காட்சி முடிந்து தங்கச்சியின் மகனோடு காரில் திரும்பும்போது அந்த இடம் வந்தது. வீதியை அகலமாக்கியபோது அந்தக் கடைவரிசையை இடித்துவிட்டார்கள். நீலக் கதவு இருந்த இடத்தில் தார் கிடக்கிறது.

"ஒருக்கா நிப்பாட்டு" என்றேன்.

நிறுத்தினான். கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தான்.

"இதில ஒண்டுமில்லையே மாமா."