அவளுக்க அலமாரி

செத்தவளோடு போட்டி போட முடியாது என்று சொல்வார்கள். நான் போட்டேன். அவளே ஜெயித்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் எரிச்சல்.

பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவில் இருந்த அந்த வீட்டுக்கு நான் இரண்டாம் தாரமாகப் போனவள். முதல் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததும் அவளுடைய நகையும் சேலைகளும் பிறந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டன. அலமாரி மட்டும் போகவில்லை. அயினி மரத்தில் செய்தது, நான்கு தட்டு, இரட்டைக் கதவு. அதில் என் சேலைகள் அடுக்கின பிறகும் என் கணவருக்கு அது அவளுடையதுதான். "அவளுக்க அலமாரியில சட்டை கெடக்கு, எடுத்துட்டு வா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சட்டையை எடுத்துக் கொடுப்பேன், கதவை மட்டும் படாரென்று சாத்துவேன். கதவு ஆடிப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வலது கதவின் உள்பக்கத்தில் ஒரு கண்ணாடி உண்டு. அவள் நல்ல நெட்டை. கண்ணாடி அவள் முகத்துக்கு அளவெடுத்து வைத்தது. நான் எக்கி நின்றால் என் வகிடு தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்படும்போதெல்லாம் முகத்தைப் பார்க்க முடியாமலே புறப்படுவேன்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுத்துவிட்ட மரச்சாமானில் கேடு வந்தால் அவளுடைய உடன்பிறந்தவன்தான் வந்து சரியாக்க வேண்டும். வேறு ஆளைக் கூப்பிட்டால் பெண் வீட்டுக்குக் குறைச்சல். எனக்கு உடன்பிறந்தான் கிடையாது; நான் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி, அதற்குக் கேடும் வரவில்லை. ஆனால் செத்தவளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து உளியும் திருப்புளியும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அவர் கீலைக் கழற்ற, இவர் கதவைத் தாங்கிப் பிடிக்க, இரண்டு பேரும் அவளைப் பற்றியே பேசுவார்கள். அவள் வைக்கும் மீன்கறி, அவள் பாடும் ஞானப்பாட்டு. நான் அடுக்களையில் அதே மீனைக் கறி வைத்துக்கொண்டிருப்பேன். அந்த அண்ணன் என்னை முறை சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "குடிக்கக் கொஞ்சம் வெள்ளம் வேணும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். இந்த வீட்டில் நான் யார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அது எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். தமிழ் பேசுகிற தாலுகாக்களையெல்லாம் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று என் கணவர் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வருவார். நான் கஷாயம் போட்டுக் கொடுப்பேன். மனசுக்குள் மட்டும் வேறு ஜெபம். எங்கள் வீட்டுக்கும் அந்த அண்ணன் வீட்டுக்கும் நடுவில் நல்ல தடிமனாக ஒரு கோடு விழட்டும், அந்தப் பையும் உளியும் அந்தப் பக்கத்திலேயே நிற்கட்டும். ஊரெல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும் என்று கேட்க, பிரியட்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கர்த்தர் கேட்கிற மாதிரி தெரியவில்லை. நானே இறங்கினேன். இடவப்பாதி மழையில் கதவு ஊறித் தடித்து மூட முடியாமல் போனது. "மச்சானுக்குச் சொல்லி அனுப்பட்டா?" என்று இவர் கேட்டார். இவர் ஒரு கல்யாணத்துக்குப் போன நாளில் வெட்டுக்கத்தியை எடுத்து, கதவின் ஓரத்தை மேலிருந்து கீழ்வரை சீவித் தள்ளினேன். வெண்ணெய் மாதிரி மூடியது. "எப்படி சரியாச்சு?" என்றார். "தன்னால" என்றேன். அந்த மழைக்காலம் முழுக்க யாரும் வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மழையில் ஊறின மரத்தைச் சீவினால் வெயிலில் என்ன ஆகும் என்று யோசிக்கிற நிதானம் பொறாமைக்கு ஏது. கும்ப மாத வெயில் வந்தது. மரம் காய்ந்து சுருங்கி, இரண்டு கதவுக்கும் நடுவில் பூனை தலையை விடுகிற அளவுக்கு இடைவெளி விழுந்தது. கதவைப் பூட்டினால் தாழ் எட்டவில்லை. போதாக்குறைக்கு மேல்கீலின் திருகாணிகள் பிய்ந்து வலது கதவு தரையில் சாய்ந்தது. அந்த வாரம்தான் மறியலுக்குப் போன இவரைப் பிடித்து நெய்யாற்றின்கரை லாக்கப்பில் வைத்திருந்தார்கள். உடைந்த கதவும் நானும்தான் வீட்டில்.

நான் சொல்லி அனுப்பவில்லை. ஆனால் அந்த அண்ணன் வந்துவிட்டார். பஸ் ஓடவில்லை என்று தோப்பு வழியாக நடந்தே வந்திருந்தார். மச்சானைப் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவர் கண்ணில் கதவுதான் முதலில் பட்டது. தூக்கிப் பாயில் கிடத்தி ஓரத்தைத் தடவினார்.

"மழையில ஆரு இத சீவினது?"

"எலி கடிச்சதாயிருக்கும்."

"எலிக்கு நல்ல கைநேக்கு உண்டு" என்றார். சிரிக்கவில்லை.

பிய்ந்த துளைகளில் மரச்சிம்பு அடித்து இறுக்கினார். நான் சீவின ஓரத்தில் ஒரு கீற்று மரம் வைத்து ஆணி தைத்தார். கதவை மாட்டும் முன் நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார், தலையிலிருந்து கால்வரை. அந்தக் கண்ணாடியைக் கழற்றி, ஒரு சாண் கீழே இறக்கி வைத்துத் திருகினார். வெள்ளம் குடித்துவிட்டு, "வாறேன்" என்று சுவரிடம் சொல்லிவிட்டு நெய்யாற்றின்கரைக்கு நடந்தார்.

கண்ணாடியில் என் முகம் முழுசாகத் தெரிந்தது. அப்போதும் எனக்கு நெஞ்சு ஆறவில்லை. தங்கச்சியின் அலமாரியை நன்றாக வைத்துக்கொள்ள வந்தாரா, எனக்காகச் செய்தாரா? அதைத் தெரிந்துகொள்ளாமல் சந்தோஷப்படவும் முடியவில்லை, கோபப்படவும் முடியவில்லை.

பிறகு கோடு விழுந்தது. அவர் ஊர் தமிழ்நாட்டோடு போயிற்று, நாங்கள் கேரளத்தில் நின்றோம். என் கணவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. கோட்டைத் தாண்டி பஸ் பழையபடி ஓடியது. கதவு ஆடினால் அந்த அண்ணனும் பழையபடி உதியன்குளங்கரையில் வந்து இறங்கினார். என் ஜெபத்தை அரைகுறையாகக் கேட்டிருந்தார் கர்த்தர்.

கொஞ்ச காலம் கழித்து அவருடைய மகள் கல்யாணத்துக்குப் போனோம். அவர் மனைவி தட்டுகள் எடுக்க என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அங்கே அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அலமாரி நின்றது. ஒரு கதவுக்குக் கீலே இல்லை. இரண்டையும் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தது.

"பாத்தியா எனக்க கதிய?" என்றாள். "எனக்க அண்ணன்மாரு மலேயாவில. இவருட்ட சொன்னா நாள நாளன்னைக்குன்னு கழியும். தங்கச்சிக்க வீட்டுக் கதவுன்னா மட்டும் விடியதுக்கு முன்ன பையத் தூக்கியாச்சு."

"எந்தத் தங்கச்சி?" என்று கேட்டேன்.

"செத்தவளுக்கு என்னத்துக்குக் கதவு?" என்றாள். "உன்னத்தான் சொல்லுதேன். எங்க ரெண்டாமத்த தங்கச்சி, எங்க ரெண்டாமத்த தங்கச்சின்னு இவரு வாயெடுத்தா உனக்க பேச்சாக்கும்."

அவள் மூஞ்சி கறுத்திருந்தது. அந்த மூஞ்சியை எனக்கு நன்றாகத் தெரியும். வருஷக்கணக்காக நான் சுமந்த மூஞ்சி அது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. "அண்ணன் அப்படித்தான் மைனி" என்று சொல்லிவிட்டு, கயிற்றை அவிழ்த்து, தட்டுகளை ஒவ்வொன்றாக, நிதானமாக எடுத்துக் கொடுத்தேன்.