உறவு என்ற மரியாதையான சொல்

ஸ்ரீரங்கத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார மாமி ஒருநாள் மாடிப்படியில் மறித்து, "என்ன ஆராய்ச்சிடி பண்றே?" என்று கேட்டார். "உறவு பத்தி, மாமி" என்றேன். "பேஷ், இந்தக் காலத்துல உறவு யாருக்கு வேண்டியிருக்கு? நன்னாப் பண்ணு" என்று வழிவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது. பல்கலைக்கழக உளவியல் ஆய்வகத்தில் நான் செய்துகொண்டிருந்தது மணமான பெண்களின் பாலியல் வாழ்க்கை பற்றிய ஆராய்ச்சி. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு வீடு தேட வேண்டியதுதான்.

துறையிலும் அதே கதை. கேள்விகளைப் பார்வையிட்ட குழு, கொச்சையாக ஒரு சொல்லும் இருக்கக்கூடாது என்று படுக்கை, உடல் எல்லாவற்றையும் அடித்துவிட்டு எல்லா இடத்திலும் 'உறவு' என்று போட்டது. தெரிந்த பெண் ஒருத்தியிடமாவது கேட்டுப் பார்த்து, கேள்வி புரிகிறது என்று திங்கட்கிழமை வந்து சொல்ல வேண்டும். இல்லையென்றால் தலைப்பையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை வேறு. "பரீட்சை பயத்தப் பத்திப் பண்ணுங்களேம்மா, ஒரு வம்பும் இல்ல" என்றார் குழுவில் ஒருவர். பரீட்சை பயமாம். எனக்கு வந்த எரிச்சலில் நகத்தைக் கடித்துத் துப்பியதுதான் மிச்சம்.

கேட்ட தோழிகள் எல்லாரும் நழுவிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டேன். குடும்பத்தைப் பற்றிச் சில கேள்விகள், புரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்; அதற்கு மேல் வாய் வரவில்லை. அத்தான் ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து சனிக்கிழமை வந்தாள். ஆய்வகக் கதவைச் சாத்தினேன். கூடப்பிறந்தவளிடம் போய் இதையெல்லாம் கேட்கிறோமே என்று கூச்சமாக இருந்தது.

குனிந்த தலை நிமிராமல் படித்தேன். "உறவில் உங்களுக்குத் திருப்தி இருக்கிறதா?"

"இருக்கு. நாத்தனார்தான் அப்பப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா."

நிமிர்ந்து பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சரி, அடுத்த கேள்வியிலாவது பிடிபடும் என்று நினைத்தேன். "உறவில் விருப்பம் இல்லாத நாட்களில் உங்களால் மறுக்க முடிகிறதா?"

"நல்லா கேட்ட போ. நமக்கு முடியுதா முடியலையான்னு யாரு பாக்கறா? வந்துட்டா சிரிச்ச மூஞ்சியா இருந்துதான் ஆகணும். மாட்டேன்னா வீட்டுல சண்டைதான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ அக்கா, சொந்தக்காரங்களப் பத்தி இல்ல. நீயும் அத்தானும்... ஒண்ணா இருக்கறது. அதைத்தான் மரியாதையா அப்படிப் போட்டிருக்கு."

சொன்ன பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. திட்டப் போகிறாள், அம்மாவுக்கு போன் போடப் போகிறாள், என் தலைப்பு போயே போய்விட்டது என்று நினைத்தேன்.

அக்கா திட்டவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கும் அதே பதில்தான். எழுதிக்க."

என் முகத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. "அக்கா..." என்றேன்.

"கேள்வி புரியுதான்னு பாக்கத்தானே கூப்பிட்ட? புரியுது" என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அவரு வர்ற நேரம். போயிட்டு வரேன்."

திங்கட்கிழமை சொல்வதற்குப் பதில் கிடைத்துவிட்டது. என் தலைப்பு தப்பித்தது. பஸ் ஸ்டாப் வரை அவள் கூடவே போனேன். பஸ் வந்து நின்றபோது அக்காவை ஏறவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.