பேபியின் முறைத்தண்ணீர்

பர்னபாஸ் யாரிடமும் எதையும் இரவல் வாங்கமாட்டார். ஏணியானாலும் சரி, சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பானாலும் சரி. சங்கு குளித்த காலத்தில் படகுக்காரச் சம்மாட்டியிடம் முன்பணம்கூட வாங்காதவர் என்று தூத்துக்குடிக் கடற்கரையில் அவருக்குப் பெயர். தன் கயிறு, ஆழத்துக்கு இறக்குகிற தன் கல், தன் மூச்சு, அவ்வளவுதான் அவர் கணக்கு. வேலை முடிந்து எழுந்தால் எடுத்துவந்த சாமான் எல்லாம் இருக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்ப்பார். எங்கேயும் ஒரு துண்டுக்கயிற்றைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லை.

வலது காது கடலோடு போயிற்று. எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பதடி ஆழத்தில் செவிப்பறை கிழிந்து, கழுத்து வரை ரத்தத்தோடு மேலே வந்தவர், அதன்பிறகு சங்கு குளிக்கப் போகவில்லை. அவருக்கு உப்பளத்தில் காவல் வேலை கிடைக்கும் வரை வீட்டில் அடுப்பு எரிந்தது தங்கை பேபியின் சம்பளத்தில். பேபி பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். மாதம் பிறந்தால் அண்ணன் தலையணைக்கு அடியில் பணம் இருக்கும். அவரும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை. அந்த வருசங்களில் பேபிக்கு வந்த இரண்டு சம்பந்தமும் நகைப்பேச்சில் நின்று போயின. அதையும் யாரும் பேசவில்லை.

எழுபத்து நாலாம் வருசம், பேபிக்கு நாற்பது நடக்கும்போது, சோறு தின்றுகொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"அண்ணே, ஒரு தோட்டம் வாங்கணும்."

"தோட்டமா? எதுக்குளா?"

"ஞாயித்துக்கிழமை போய் இருக்கதுக்கு."

"இருக்கதுக்கு வீடு இல்லாமலா கெடக்கு?"

"வீடு உங்க பேர்ல இருக்கு. எம் பேர்ல ஒரு புல்லாவது முளைக்கணும்ணே."

 அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது.

அன்றிலிருந்து ஓய்வு கிடைத்த நாளெல்லாம் சாயர்புரம் போகிற பஸ்ஸில் ஏறினார். பாகக்கணக்கில் முடிச்சுப் போட்ட தன் பழைய கயிற்றாலே எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் அளந்தார். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தார், மண்ணை மோந்து பார்த்தார். நிலம் விற்க வந்தவர்கள், "அண்ணாச்சி பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா பாக்காவ" என்று சிரித்தார்கள். கடைசியில் மாசானம் என்பவருடைய ஒன்றரை ஏக்கர் செவல் நிலம் அவருக்குப் பிடித்தது. கிணறு மட்டும் பக்கத்து நிலத்துக்காரர் ஆவுடையப்பனின் எல்லைக்குள் இருந்தது. அதில் இந்த நிலத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. மூன்று நாளைக்கு ஒரு நாள் முறைத்தண்ணீர். கிணற்று மோட்டாரிலும் அதே பங்கு.

பேபியின் சேமநிதி முன்பணம் பாதி விலைக்குத்தான் வந்தது. மீதிக்குப் பாங்கிக்குப் போனார்கள். மேனேஜர் பேபியை விட்டுவிட்டு பர்னபாசைப் பார்த்தே பேசினார்.

"அம்மா நர்ஸ். சரி. விவசாயம் யாருக்குத் தெரியும்?"

"எங்க அண்ணன் பாத்துக்கிடுவாவ" என்றாள் பேபி.

"அண்ணன் என்ன தொழில்?"

"சங்கு குளிச்சவங்க."

"கடலுக்கு லோன் போடச் சொல்லலையே?" என்று மேனேஜர் சிரிக்க, பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார். பர்னபாஸ் சிரிக்கவில்லை. மடியிலிருந்த வீட்டுப் பத்திரத்தை எடுத்து, நாலு மூலையும் நீவி, மேசைமேல் வைத்தார். சிரிப்பு அடங்கியது. லோன் கிடைத்தது.

பத்திரம் பதிந்த மறுநாள் ஆவுடையப்பன் கிணற்று மேட்டில் நின்று வழக்கத்தைச் சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

"நர்சம்மா, தூர் எடுக்க வருசா வருசம் பங்குக்காரங்க வீட்டுல இருந்து ஒரு ஆம்பளை கிணத்துக்குள்ள இறங்கணும். கூலி ஆளை உள்ள விடமாட்டோம். அப்புறம், யாரு முறையில மோட்டாருக்குச் சேதம் வருதோ, அவங்கதான் சரி பண்ணணும். அதுவரைக்கும் அவங்களுக்குத் தண்ணி கிடையாது. எங்களுக்கும் அதான் சட்டம்."

"இறங்க நான் இருக்கேன்" என்றார் பர்னபாஸ்.

ஒன்றரை வருசம் நன்றாகவே போயிற்று. பேபி நாலு பாத்தி மல்லிகை வைத்தாள், வரப்போரம் முருங்கை ஊன்றினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள். வெள்ளைச் சேலை உடுத்தே பழகியவள், செம்மண் அப்பிய சேலையோடு ஊருக்குள் நடந்து வருவதைப் பர்னபாஸ் தெருமுனையில் நின்று பார்ப்பார். யாராவது, "தங்கச்சி எங்க போயிட்டு வாரா?" என்றால் போதும். "அவ தோட்டத்துக்கு" என்பார், தேவைக்கு மேல் சத்தமாக.

கிணற்றுக்குள் மோட்டார் ஒரு மரச்சட்டத்தின்மேல் நின்றது. தூர் எடுக்க இறங்கியபோதே சட்டத்தில் வெடிப்பு ஓடியிருந்ததை அவர் கையால் தடவிப் பார்த்துச் சொன்னார். "அது இன்னும் ரெண்டு வருசம் தாங்கும் அண்ணாச்சி" என்றார் ஆவுடையப்பன். எழுபத்தாறு மாசியில், கிணறு நிறைந்து கிடந்த சமயம், பேபியின் முறையன்று சட்டம் முறிந்தது. மோட்டார் தண்ணீருக்குள் போயிற்று. ஆவுடையப்பன் வாடகை எஞ்சின் வைத்துத் தன் நிலத்துக்கு இறைத்துக்கொண்டார்.

புது மோட்டாருக்குப் பணம் இல்லை. பாங்கித் தவணை போக மிஞ்சிய சம்பளம் அரிசிக்கே சரி. பூக்கிற பருவம். பாத்தி வெடிக்க ஆரம்பித்தது. பேபி பஸ் நிறுத்தத்துக் குழாயிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினாள்.

"நான் முங்கி எடுத்துருதேன்" என்றார் பர்னபாஸ்.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? மிச்சம் இருக்கது ஒரு காது."

"இது கிணறுளா. அஞ்சு பாகம் வருமா? நான் போன ஆழத்துக்கு இது கால் கழுவுத தண்ணி."

"இறங்குனா அந்தத் தோட்டத்துப் பக்கமே நான் போகமாட்டேன்" என்று பேபி அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள்.

அவளுக்குப் பகல் டூட்டி இருந்த ஒரு புதன்கிழமை, கயிற்றையும் கல்லையும் எடுத்துக்கொண்டு பர்னபாஸ் தனியாகப் போனார். இடது காதில் எண்ணெய்ப் பஞ்சு அடைத்தார். ஆவுடையப்பனும் இன்னும் நாலு பேரும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். முதல் முழுக்கில் சேறுதான் கையில் வந்தது. இரண்டாவதில் இரும்பு தட்டுப்பட்டது. மூன்றாவதில் வடத்தைக் கோத்து முடிச்சுப் போட்டார். முடிச்சை இறுக்கும்போது காதுக்குள் ஏதோ கிழிந்து கொடுத்தது. அது என்னவென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் முடிச்சை இன்னொருதரம் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே வந்தார். மேலே நின்றவர்கள் வடத்தை இழுக்க, மோட்டார் சேறு சொட்டச்சொட்ட எழுந்தது.

"மீனுல்லா அண்ணாச்சி நீங்க!" என்றார் ஆவுடையப்பன். அது தூரத்தில் இருந்து வருவதுபோல இருந்தது.

ஆவுடையப்பன் வீட்டுக்குக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார்கள். செம்பை வாயில் வைத்தபோதுதான் மாட்டுக்கொட்டகைச் சுவரில் தொங்கியதை அவர் பார்த்தார். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற சின்னக் கரண்டி அல்ல. கை தடிமனில் நாலு கொக்கி, சங்கிலி, மேலே கப்பி.

"இது என்னது?"

"பாதாளக்கரண்டி. மோட்டாரு விழுந்தா எடுக்கதுக்கு. மாசானம் முறையில ரெண்டு தடவை இதை வச்சுத்தான் எடுத்தோம்."

"எங்கிட்ட சொல்லலியே."

"நீங்க கேக்கலியே அண்ணாச்சி. வந்ததும் வராததுமா இறங்குதேன்னு நின்னீய. துணிஞ்சு நிக்க ஆளை நாம ஏன் தடுக்கணும்னு இருந்துட்டோம். இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டா?"

ஆவுடையப்பன் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பர்னபாசின் காதில் முழுசாக விழுந்த கடைசிப் பேச்சு அதுதான். அந்த வாரமே காய்ச்சல் கண்டு, சீழ் வைத்து, இடது காதும் அடைந்துபோயிற்று. பேபி தினமும் காதைத் துடைத்து மருந்து விட்டாள். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை வாயசைக்கவில்லை.

உள்ளே செம்புக்கம்பிக் காயில் புதிதாகக் கட்டியதும் மோட்டார் மறுபடி ஓடியது. ஒருநாள் போய்ப் பார்த்தார். குழாய் வாயில் தண்ணீர் துள்ளி விழுந்தது, மல்லிகை மொட்டு விட்டிருந்தது. பேபி வரவில்லை. சொன்னபடியே பிறகு அவள் ஒருநாளும் அங்கே கால் வைக்கவில்லை.

தான் போகாத தோட்டத்தைப் பேபி ஆடியில் விற்றாள்; ஆவுடையப்பன் வாங்கினார். வேறு யாரும் கேட்டு வரவில்லை. வேறு யாரையும் வரவிடவில்லை என்றும் சொன்னார்கள். அவர் சொன்னதுதான் விலை. பாங்கிக் கடன் அதில் அடையவில்லை. மீதியைப் பேபி சம்பளத்தில் பிடித்தார்கள். வீட்டுப் பத்திரம் பாங்கியிலேயே கிடந்தது.

பதிவு ஆபீசில் பர்னபாஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தெழுத்தாக, கோணாமல் போட்டார். எல்லாம் முடிந்தபின் ஆவுடையப்பன் ஒரு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பேபியிடம் நீட்டினார். மல்லிகை. நெருக்கிக் கட்டின சரம். அவர் வாய் அசைந்தது; உங்கள் தோட்டத்துப் பூ என்று ஏதோ சொல்லியிருப்பார். பேபி இரண்டு கையாலும் வாங்கி, பக்கத்துப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

பர்னபாஸ் வழக்கம்போல வாசலில் நின்று ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பூ பெஞ்சின்மேல் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.